ஆன்டனி ஹோரோவிட்ஸ்: இரவல் பாத்திரங்களால் வாழ்ந்தவரா?

வாசகர் கேள்வி, ஜூன் 4

அக்கா, நீங்கள் சீரியலுக்கு வசனம் எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். ஆங்கில எழுத்தாளர் ஆன்டனி ஹோரோவிட்ஸை எல்லோரும் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். அவரை நாவலாசிரியர் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. துப்பறிவாளர் பொய்ரோவின் கதைகளை டிவிக்கு எழுதினார், அது அகதா கிறிஸ்டியின் சொத்து. ஹோம்ஸ் நாவல் எழுதினார், அது கோனன் டாயிலின் சொத்து. ஜேம்ஸ் பாண்ட், ஃபிளெமிங்கின் சொத்து. சொந்தமாக என்ன இருக்கிறது? டிவிக்குப் போன நாவலாசிரியரின் கை கெட்டுப்போகும் என்பதற்கு இவரே சாட்சி இல்லையா? நான் பாதி நாவல் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு தொடருக்கு வசனம் எழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில்தான் கேட்கிறேன்.

ஜூன் 4, இரவு 11.40

இல்லை தம்பி. தலைகீழாகப் பார்க்கிறீர்கள். டிவிதான் அவரை நாவலாசிரியர் ஆக்கியது. இருபது வருடம் துப்பறியும் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதி, எந்தத் தடயத்தை எங்கே வைப்பது, எப்போது பார்ப்பவரின் கண்ணை வேறு பக்கம் திருப்புவது என்று கை பழகிய பிறகுதான் அந்த நாவல்கள் வந்தன. ‘மேக்பை மர்டர்ஸ்’ நாவல் வந்தது 2016இல். அப்போது அவருக்கு வயது 61. அதற்கு முன்னால் பொய்ரோ, ‘மிட்சமர் மர்டர்ஸ்’, ‘ஃபாயில்ஸ் வார்’ எல்லாம் எழுதி முடித்தாயிற்று.

‘ஃபாயில்ஸ் வார்’ தொடரின் 28 கதைகளையும் அவரே எழுதினார். முழுக்க முழுக்க அவர் படைத்த பாத்திரம். அதை எப்படி விட்டீர்கள்?

நாளை ஷூட்டிங்குக்கு நான்கு சீன் அனுப்ப வேண்டும். மீதி பிறகு.

ஜூன் 5, காலை

நேற்று அவசரத்தில் எழுதியதில் இரண்டு தவறு.

ஒன்று, 28 கதைகளில் பெரும்பாலானவைதான் அவருடையவை. சிலவற்றை வேறு எழுத்தாளர்கள் எழுதினார்கள். தொடரைப் படைத்தவர் அவர், அது சரி.

இரண்டாவது பெரிய தவறு. டிவிதான் அவரை நாவலாசிரியர் ஆக்கியது என்றேன். காலவரிசையே அதற்கு இடம் தரவில்லை. அவருடைய முதல் புத்தகம் சிறுவர்களுக்கானது, 1979இல் வந்தது. அப்போது வயது 24கூட ஆகியிருக்குமா என்பது சந்தேகம். விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் காப்பிரைட்டராக இருந்துகொண்டே எழுதியிருக்கிறார். டிவி பக்கம் வந்தது 1980களின் நடுவில்தான். ‘ராபின் ஆஃப் ஷெர்வுட்’ தொடரின் மூன்றாவது வரிசையில் (சீசனில்), 1986இல், சில கதைகள் எழுதினார். அதே 1986இல் டயமண்ட் சகோதரர்கள் என்ற சிறுவர் துப்பறியும் வரிசையின் முதல் நாவலும் வந்துவிட்டது.

ஆக, இவர் முதலில் நாவலாசிரியர். டிவிக்குப் போனார். ஆனால் நாவலை விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரே வருடத்தில் இரண்டு வேலையும் நடந்திருக்கிறது. உங்கள் கேள்விக்கு இதுதான் முக்கியமான விஷயம். நேற்று இதைத்தான் தவறவிட்டேன்.

ஜூன் 5, மாலை

அவருடைய குடும்பக் கதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரே பல பேட்டிகளில் சொன்னதுதான். 1955இல் ஸ்டான்மோர் என்ற ஊரில், வசதியான வீட்டில் பிறந்தவர். எட்டு வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். குண்டான பையன், படிப்பில் மந்தம், அடி, கேலி. அங்கே நூலகமும், இரவில் விளக்கணைத்த பிறகு மற்றப் பையன்களுக்குச் சொன்ன கதைகளும்தான் காப்பாற்றின என்கிறார். பதின்மூன்றாவது பிறந்த நாளுக்கு அம்மாவிடம் மனித மண்டையோடு கேட்டாராம். அம்மாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்! அது இன்னும் அவருடைய எழுதும் மேஜையில் இருக்கிறது.

அப்பா தொழிலதிபர். மகனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது புற்றுநோயில் இறந்தார். கடன்காரர்களுக்கு எட்டாதபடி பணத்தை ஸ்விட்சர்லாந்தில் வேறு பெயரில் போட்டு வைத்திருந்தார். எந்த வங்கி, எந்தப் பெயர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா வருடக்கணக்காகத் தேடியும் கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க முடிச்சு அவிழும் கதைகளையே எழுதிய மனிதரின் வீட்டில் அவிழாமலே போன முடிச்சு இது. இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பாவும் யார் யாருக்குக் கைமாற்று கொடுத்தார் என்று எழுதி வைக்காமலே போய்விட்டார். ஒரு டைரியில் வெறும் தொகைகள் மட்டும் இருந்தன, ஆட்களின் பெயர் இல்லை. அந்த டைரியை அம்மா எத்தனை தடவை புரட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 7

சரி, ‘இரவல்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

1991இல் வந்த பொய்ரோ தொடரின் ‘த டபுள் க்ளூ’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டி எழுதிய மூலச் சிறுகதை சில பக்கம்தான். நகைத் திருட்டு, நான்கு சந்தேக நபர்கள், அதில் ஒருத்தி கோமாட்டி வேரா ரொசகாஃப். பொய்ரோ கண்டுபிடிக்கிறார், நகை திரும்புகிறது, அவளுடைய தைரியத்தை வியக்கிறார். அவ்வளவுதான். அதை ஒரு மணி நேர டிவிக்கு எப்படி இழுப்பீர்கள்? சாதாரணக் கை என்றால் இன்னும் இரண்டு சந்தேக நபர்களைச் சேர்க்கும், ஒரு துரத்தல் வைக்கும்.

ஹோரோவிட்ஸ் பொய்ரோவைக் காதலிக்க வைத்தார். வழக்கை நண்பர் ஹேஸ்டிங்ஸ் தலையில் கட்டிவிட்டு இவர் கோமாட்டியோடு ஊர் சுற்றுகிறார். நண்பர்கள் கவலைப்படுகிறார்கள். கடைசியில் ரயில் நிலையம். திருடியவள் அவள்தான் என்று இவருக்குத் தெரியும். இவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். யாரும் அதை வாய் விட்டுச் சொல்லவில்லை. ரயில் கிளம்புகிறது. அந்தப் பிரிவு கிறிஸ்டியின் கதையில் இல்லை. ஆனால் கிறிஸ்டி வைத்த அந்த ஒரு வியப்பிலிருந்துதான் முளைத்திருக்கிறது. விதை அடுத்தவருடையது, மரம் இவருடையது. இதை இரவல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஜூன் 7, கொஞ்ச நேரம் கழித்து

மேலே சொன்ன கதையை இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும், திருடியவர் யார் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதில் திருடன் யார் என்பது பாதிக் கதையிலேயே புரிந்துவிடும். இனி எந்த முடிவையும் உடைக்க மாட்டேன்.

ஜூன் 10

‘ஃபாயில்ஸ் வார்’ தெரியாதவர்களுக்காக. இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊர். 1940இல் கதை தொடங்குகிறது. கிறிஸ்டோபர் ஃபாயில் என்ற போலீஸ் அதிகாரி போருக்கு உதவும் வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்கிறார். மறுத்துவிடுகிறார்கள், நீ இங்கேயே கொலைகாரர்களைப் பிடி என்று. வானத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு கொலைக்காக இவர் ஏன் மெனக்கெட வேண்டும்? தொடர் முழுக்க யாராவது ஒருவர் இதை அவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் நாட்டுக்குத் தேவையானவன், என்னைக் கைது செய்தால் போர் முயற்சி பாழாகும் என்பார்கள். ஃபாயில் தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். அவ்வளவுதான்.

மைக்கேல் கிச்சன் அந்த வேடத்தில். இவர் ஸ்கிரிப்டில் தன் வசனங்களைக் கூட்டச் சொன்னவர் அல்ல, குறைக்கச் சொன்னவர். இந்த வரி வேண்டாம், முகத்திலேயே சொல்லிவிடுவேன் என்பாராம். ஹோரோவிட்ஸ் இதைப் பெருமையாகவே சொல்லியிருக்கிறார்.

எனக்கு இது நெருக்கமான விஷயம். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தொடரில் மூத்த நடிகை ஒருவருக்கு ஒரு சீன் எழுதினேன். மகன் வீட்டை விட்டுப் போகிறான், அம்மா பேசுகிறாள். ஒன்றரைப் பக்கம். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியது. ஸ்பாட்டில் அவர் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு, “நல்லா இருக்கும்மா, ஆனா இதுல ரெண்டு வரி போதும்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. டேக்கில் அவர் என்ன செய்தார் என்றால், கொடியில் காய்ந்த மகனின் சட்டையை எடுத்தார், மடித்தார், மடித்ததை மறுபடி பிரித்து, பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டு, திரும்ப மடித்தார். பிறகு, “சாப்டுட்டுப் போ” என்றார். பிராம்ப்ட் செய்துகொண்டிருந்த உதவி இயக்குநர் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கவே இல்லை, அவரும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். அந்த ஒன்றரைப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியும் அந்தச் சட்டை சொன்னதைத்தான் சொல்கிறது.

ஜூன் 10, இரவு

முந்தைய குறிப்பில் சொல்ல வந்ததை முடிக்காமலே விட்டிருக்கிறேன். எந்த வரியை எழுதக் கூடாது என்பதை நடிகரிடமிருந்து கற்றுக்கொள்கிற வாய்ப்பு டிவி எழுத்தாளருக்குத்தான் உண்டு. நாவலாசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், அவர் பக்கத்தைப் பிடுங்கி ‘இரண்டு வரி போதும்’ என்று சொல்ல யாருமில்லை.

ஜூன் 13

தம்பி, நீங்கள் தனியாக அனுப்பியதைப் படித்தேன். ‘அப்படியானால் போகலாம் என்கிறீர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைச் சொல்லவில்லை. இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்க வேண்டும்.

‘ஃபாயில்ஸ் வார்’ 2002இல் தொடங்கி 2015இல் முடிந்தது. பதின்மூன்று வருடத்தில் 28 கதைகள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல், ஒரு சினிமா அளவு. ஒவ்வொன்றுக்கும் போர்க்கால வரலாற்றிலிருந்து ஒரு மூலையைத் தோண்டி எடுத்திருக்கிறார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்களை எப்படி நடத்தினார்கள், குண்டுக்குப் பயந்து பணக்காரர்கள் கிராமத்து விடுதிகளில் எப்படி ஒளிந்தார்கள், அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய்களுக்கு எதிரான நிறப் பாகுபாடு உள்ளூரில் எப்படி நுழைந்தது, போர் முடிந்ததும் ரஷ்யக் கைதிகளை எப்படித் திருப்பி அனுப்பினார்கள். இதற்கெல்லாம் இம்பீரியல் வார் மியூசியத்தின் வரலாற்று ஆலோசகர் உதவி இருந்தது. தயாரிப்பாளர் ஜில் கிரீன், ஹோரோவிட்ஸின் மனைவி. எழுத்தாளருக்கு வேண்டிய நேரத்தை வாங்கிக் கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தார்.

நான் வேலை செய்யும் இடத்தில் வாரத்துக்கு ஆறு எபிசோட், வருடத்துக்கு 300. நேற்றைய எபிசோடைப் பார்க்காதவருக்கும் இன்று புரிய வேண்டும் என்பதால் நடந்ததையே மூன்று பாத்திரங்கள் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். பதினோரு வருடம் இதைச் செய்திருக்கிறேன். இந்த வேலை என் வீட்டைக் காப்பாற்றியது, மகளைப் படிக்க வைத்தது, எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன வருடம் ஒரு குறுநாவல் எழுதிப் பார்த்தேன். நாற்பதாவது பக்கத்தில் ஒரு பெண் தன் தங்கையிடம், வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு மரணச் செய்தியை முழுதாகத் திரும்பச் சொல்கிறாள். கை தானாக எழுதியது அது. படித்துப் பார்த்த தோழிதான் சுட்டிக் காட்டினாள்.

அதனால் ‘டிவி கையைக் கெடுக்குமா’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எத்தனை எபிசோட், வாரத்துக்கு எத்தனை சீன், ஒரு சீனைத் திரும்ப எழுத எத்தனை நாள் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். கூப்பிட்டவர்களிடமே கேளுங்கள்.

ஜூன் 14

ஒருவர் ‘வெற்றி பெற்றவரைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள்’ என்கிறார். நியாயம்தான்.

‘கிரைம் டிராவலர்’, 1997, பிபிசி. கால யந்திரம் வைத்துத் துப்பறியும் தொடர், இவருடைய சொந்தக் கற்பனை. எட்டு எபிசோடோடு நின்றது. ‘நியூ பிளட்’, 2016, அதுவும் ஒரே வரிசை. ‘ஃபாயில்ஸ் வார்’ தொடரையே 2007இல் ஐடிவி சேனல் நிறுத்துவதாக முடிவெடுத்தது. கைவசம் இருந்த மூன்று கதைகளுக்குள் போரை முடித்தாக வேண்டிய கட்டாயம், ஆகவே கதை 1943இலிருந்து 1944க்கும், அங்கிருந்து 1945 மே மாதத்துக்கும் தாவியது. 2008இல் அந்த மூன்றும் ஒளிபரப்பாயின. பார்வையாளர்கள் விடவில்லை, 2010இல் தொடர் திரும்ப வந்தது. கடைசியில் ஃபாயில் உளவுத்துறை வேலைக்கே போய்விட்டார்.

பிறகு ‘ஸ்டார்ம்பிரேக்கர்’ சினிமா. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

‘ஸ்டார்ம்பிரேக்கர்’ நாவல் 2000இல் வந்தது. அதிகாலை மூன்று மணிக்கு வாசல் மணி அடிப்பதில் தொடங்கும். பதினான்கு வயது அலெக்ஸ் ரைடரின் சித்தப்பா விபத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தி. வங்கி ஊழியர் என்று அவன் நினைத்த சித்தப்பா உண்மையில் உளவாளி. அலெக்ஸையும் அந்த வேலைக்கு இழுத்துப் போடுகிறார்கள். துப்பாக்கி மட்டும் தர மாட்டார்கள். முகப்பரு கிரீம் ஒன்று தருவார்கள், அது இரும்பை உருக்கும். ஒரு யோயோ, ஒரு கேம்பாய் (கையடக்க வீடியோ கேம்). என் மகள் ஆறாம் வகுப்பில் இதைப் படித்துவிட்டு என் முகப்பூச்சு டப்பாவை எடுத்துப் பூட்டில் தடவிப் பார்த்தாள். அந்த டப்பா தீர்ந்துபோனது, பூட்டு அப்படியே இருந்தது. இந்த வரிசை அவள் தலைமுறைப் பையன்களையும் பெண்களையும் வாசிப்புக்கு இழுத்து வந்தது. சொந்தமாக என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு முதல் பதில் அலெக்ஸ்தான், இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

2006இல் அது சினிமாவானது. திரைக்கதை ஹோரோவிட்ஸே எழுதினார். அமெரிக்காவில் ஓடவில்லை, அடுத்த பாகம் வரவே இல்லை. தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதுவது, அதுவும் இருபது வருட டிவி அனுபவத்தோடு. தோற்க வாய்ப்பே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

2020இல் அதே அலெக்ஸ் ரைடர் டிவி தொடராக வந்தபோது எழுதியவர் வேறு ஒருவர், கய் பர்ட் (Guy Burt). முதல் புத்தகத்தை விட்டுவிட்டு இரண்டாவது புத்தகமான ‘பாயின்ட் பிளாங்க்’ கதையிலிருந்து ஆரம்பித்தார்கள். யோயோவும் கிரீமும் போய்விட்டன, பையன் நிஜமாகவே பயப்படுகிறான், துக்கப்படுகிறான். மூன்று வரிசை ஓடியது. (மேலே ஒருவர் இந்தத் தொடரையும் ஹோரோவிட்ஸ் எழுதினார் என்கிறார். இல்லை, அவர் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராக மட்டும் இருந்தார்.) தன் குழந்தையை இன்னொருவர் கையில் கொடுக்க ஒப்புக்கொண்டாரே, அதற்குத்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. என்னால் முடியுமா என்று யோசித்தேன். என் தொடர் ஒன்றில் பாதியில் ஆளை மாற்றியபோது மூன்று மாதம் அந்தச் சேனல் பக்கமே போகவில்லை நான். ரிமோட்டில் அந்த எண்ணைத் தாண்டித்தான் போவேன்.

ஜூன் 18

பாண்ட் பற்றி ஒரு சின்ன விஷயம், டிவி சம்பந்தப்பட்டது. ‘டிரிகர் மார்ட்டிஸ்’ (2015) நாவலில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் கார் பந்தயம் வரும் பகுதிக்கு ஆதாரம் இயான் ஃபிளெமிங் எழுதிவைத்த கதைச்சுருக்கம். பாண்டை டிவி தொடராக எடுக்க 1950களில் ஒரு திட்டம் இருந்தது, அதற்காக ஃபிளெமிங் சில கதைகளைச் சுருக்கமாக எழுதினார், தொடர் எடுக்கப்படவே இல்லை. அறுபது வருடம் கழித்து ஒரு டிவி எழுத்தாளர் கையில் அது நாவலாகிறது.

ஹோம்ஸ் நாவலான ‘த ஹவுஸ் ஆஃப் சில்க்’ (2011) எழுத டாயில் வாரிசுகளின் அனுமதி இருந்தது. அதில் ஒரு வேலைப்பாடு எனக்குப் பிடிக்கும். இவ்வளவு நாள் இந்தக் கதை ஏன் வெளியே வரவில்லை? ஹோம்ஸின் நண்பர், வயதான வாட்சன் சொல்கிறார், இது அவ்வளவு பயங்கரமானது, நூறு வருடம் பெட்டகத்தில் பூட்டி வையுங்கள் என்று. அதை ஒரே பக்கத்தில் நம்ப வைத்துவிடுகிறார்.

ஜூன் 19

இன்னொன்று விட்டுப்போயிற்று. 1983இல் ‘பென்டகிராம்’ என்று ஒரு சிறுவர் வரிசை தொடங்கினார், ஐந்து புத்தகம் என்று திட்டம், முடிக்கவில்லை. இருபது வருடம் கழித்து அதையே எடுத்து, கலைத்து, ‘பவர் ஆஃப் ஃபைவ்’ என்று முதலிலிருந்து எழுதினார். 2005இல் தொடங்கி 2012இல் முடித்தார். பாதியில் கிடக்கும் நாவல் வைத்திருக்கிறீர்கள் என்றீர்களே தம்பி, அதனால் சொன்னேன்.

ஜூன் 23

இத்தனை நாள் சுற்றி வந்துவிட்டு இப்போதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டதற்கு வருகிறேன். ‘மேக்பை மர்டர்ஸ்’.

சூசன் ரைலண்ட் என்ற பதிப்பாசிரியர் ஒரு மழை நாளில், ஒயின், சிப்ஸ், சிகரெட் சகிதம் ஒரு கையெழுத்துப் பிரதியைப் படிக்க உட்காருகிறாள். ஆலன் கான்வே எழுதிய புது நாவல். 1955இல் ஒரு கிராமத்தில் நடக்கும் கொலை, அட்டிகஸ் புண்ட் என்ற துப்பறிவாளர். நாமும் அதைப் படிக்கிறோம், முழுதாக. கடைசி அத்தியாயங்கள் மட்டும் இல்லை. எழுதியவரும் செத்துப்போகிறார். சூசன் தேடக் கிளம்புகிறாள்.

கான்வேதான் எனக்கு முக்கியம். கோடிக்கணக்கில் விற்ற எழுத்தாளர், ஆனால் தன் துப்பறிவாளரை மனதார வெறுக்கிறார். தான் உயர்ந்த இலக்கியம் படைக்கப் பிறந்தவர், இந்தப் பாழாய்ப்போன புண்ட் தன்னைக் கீழே இழுத்துவிட்டான் என்று நினைக்கிறார். அந்த வெறுப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் நாவலின் உயிர். அதை உடைக்க மாட்டேன்.

தம்பி, உங்கள் முதல் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். ‘டிவிக்குப் போனால் கை கெட்டுப்போகுமா’ என்றீர்கள். கான்வே டிவிக்குப் போகவில்லை, நாவல்தான் எழுதினார், அவர் கை கெட்டுப்போனது. சோறு போட்ட வேலையை மதிக்காததால் கெட்டது. ஹோரோவிட்ஸுக்கு இந்தக் கதை ‘மிட்சமர் மர்டர்ஸ்’ முதல் வரிசை எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே தோன்றிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். 1997. அடுத்தவர் நாவல்களை வாரி வாரி டிவிக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். அப்போது அவருக்கும் கான்வே மாதிரி ஆகிவிட ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மனிதனை வெளியே எடுத்து ஒரு பாத்திரமாக வைத்துப் பார்க்க இருபது வருடம் ஆகியிருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் நாவலைப் படித்தால் நீங்களும் அங்கே வந்து நிற்பீர்கள்.

ஜூன் 24

நேற்று எழுதியதை இன்று படித்தபோது ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ‘சோறு போட்ட வேலையை மதிக்காததால் கெட்டது’ என்றது கொஞ்சம் பிரசங்கம் மாதிரி இருக்கிறது. இந்தத் தொழிலில் பதினோரு வருடம் இருந்தவள் நான், வெறுத்த நாட்களும் உண்டு. வெறுக்கலாம். கான்வே செய்தது வேறு, வெறுப்பை வாசகர் முதுகுக்குப் பின்னால் காட்டினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 27

ஹாதார்ன் வரிசையைப் பற்றிக் கேட்டவருக்கு: ‘த வேர்ட் இஸ் மர்டர்’ (2017). ஒரு பெண் சவச்சடங்கு நடத்தும் கடைக்குள் போய்த் தன் சொந்தச் சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறாள், அன்றைக்கே கொல்லப்படுகிறாள். துப்பறிபவர் டேனியல் ஹாதார்ன். கூடவே வாட்சன் மாதிரி குறிப்பெடுத்துக்கொண்டு போவது யார் தெரியுமா? ஆன்டனி ஹோரோவிட்ஸ் என்ற டிவி எழுத்தாளர். தன் பெயரிலேயே, தன் மனைவி, தன் தொடர்கள் எல்லாவற்றோடும் உள்ளே வருகிறார்.

ஒரு சீன். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் பீட்டர் ஜாக்சனும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். டின்டின் சினிமாவின் இரண்டாம் பாகத்துக்கு இவர் எழுதிய திரைக்கதையைப் பற்றிப் பேசுகிறார்கள். (டின்டின் பாகத்துக்கு இவர் எழுத ஒப்பந்தமானது நிஜம்.) வாழ்நாள் சந்திப்பு. கதவு திறக்கிறது, ஹாதார்ன் உள்ளே வருகிறார். கிளம்பு, சவ அடக்கத்துக்கு நேரமாகிறது என்கிறார். இவர் எழுந்து போய்விடுகிறார். சினிமாவின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மனிதனைக் கொலைக் கதை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன், வீட்டில் எழுந்து வந்து என்ன என்று கேட்டார்கள்.

அதே நாவலில், முதல் அத்தியாயத்தை எழுதி ஹாதார்னிடம் காட்டுவார். அவர் ஒவ்வொரு விவரமாகத் தப்பு, தப்பு என்று திருத்துவார். நாம் ரசித்துப் படித்து முடித்த அத்தியாயம் அது.

ஜூலை 2

தம்பி எழுதியிருக்கிறார். கூப்பிட்டவர்களிடம் கேட்டாராம்: வாரம் ஆறு நாள், தினமும் மூன்று சீன். நாவல் முடியும் வரை வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் வாரம் இரண்டு நாள் வரும் தொடர் ஏதாவது எடுத்தால் கூப்பிடச் சொன்னாராம். நல்லது. நாவல் முடிந்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

ஜூலை 3

எதில் ஆரம்பிப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ‘மேக்பை மர்டர்ஸ்’ நாவலில் ஆரம்பியுங்கள். 2022இல் ஹோரோவிட்ஸே அதை ஆறு எபிசோட் தொடராக எழுதினார், லெஸ்லி மான்வில் சூசனாக நடித்தார். நல்ல தொடர். நாவலில் இரண்டு கதையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும், டிவியில் பின்னிப் பின்னி வரும். ஒரே நடிகர் இரண்டு காலத்திலும் இரண்டு வேடத்தில் வருவார். கற்பனைத் துப்பறிவாளரான புண்ட் திடீரென்று சூசன் பக்கத்தில் வந்து பேசுவார். புத்தகத்தில் முடியாததைத் திரையில் செய்திருக்கிறார்.

ஆனாலும் தொடரை முதலில் பார்த்துவிடாதீர்கள். அச்சுப் புத்தகமாகவே வாங்குங்கள். சூசன் படிக்க உட்கார்ந்ததும் ஒரு பக்கம் திருப்புவீர்கள், அங்கே மறுபடியும் ஒரு தலைப்புப் பக்கம் இருக்கும். ‘மேக்பை மர்டர்ஸ், ஆலன் கான்வே’ என்று. ஆசிரியர் குறிப்பு, பாராட்டு வரிகள், புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கும் பக்க எண்கள். அச்சுப்பிழையோ, இரண்டு புத்தகத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டார்களோ என்று நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.